பூஜ்ஜியத்துக்குக் கிடைத்த கேடயம்

அந்த வட்டாரத்துப் பெண்பிள்ளைகள் கணக்கில் பின்தங்கியிருக்கிறார்கள் என்று கண்டுபிடித்தவர்கள் ஒரு நான்கு மாடிக் கட்டடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். இடைவெளி நிரப்புத் துறை என்று அதற்குப் பெயர். ஆரம்பத்தில் ஒரு மாடிதான் இருந்தது. இடைவெளி நிரம்பிவிட்டால் நாமெல்லாம் எங்கே போய் உட்காருவது என்று யாருக்கோ கவலை வந்திருக்க வேண்டும். அது நிரம்பாமல் பொறுப்பாகப் பார்த்துக்கொண்டார்கள். மாடி மேல் மாடி ஏறியது.

பையன்களின் சராசரியிலிருந்து பெண்பிள்ளைகளின் சராசரியைக் கழித்தால் வருவதுதான் இடைவெளி. இந்த ஒரு கழித்தலைச் செய்ய ஓர் இயக்குநர், அவருக்குக் கீழே துணை இயக்குநர்கள், அவர்களுக்குக் கீழே கள அலுவலர்கள், இவர்கள் அத்தனை பேருக்கும் கதவு திறந்துவிட ஓர் ஆள். ஆண்டுதோறும் பள்ளிக்கூடங்களுக்கு நேரில் வந்து அளந்தார்கள். அளவெடுப்பு கணக்குப் பாட வேளையில்தான் நடக்கும். பையன்களுக்குப் பாடம் கெட்டுவிடக் கூடாது என்று அவர்களை வகுப்பிலேயே விட்டுவிட்டு, நாற்காலி தூக்கிப் போடவும் அலுவலர்களுக்கு டீ கொண்டுபோய்க் கொடுக்கவும் பெண்பிள்ளைகளைக் கூப்பிட்டுக்கொள்வார்கள். டீயைக் குடித்துக்கொண்டே கேட்கிற கேள்விகளில் ஒன்று, "பெண்பிள்ளைகள் ஏன் கணக்கு வகுப்பில் காணப்படுவதில்லை?"

நம் கதைக்கு உரியவளுக்கு இதெல்லாம் ரொம்ப நாள் தெரியாது. கடைத்தெருவில் ஒரு துணிக்கடையின் மாடிப்படிக்கு அடியில் தையல் மெஷின் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். புது பேண்ட்டைக் குட்டையாக்குவது, பழைய பேண்ட்டின் மடிப்பைப் பிரித்து இறக்கிவிடுவது, இடுப்பைப் பிடிப்பது, பண்டிகைச் சாப்பாட்டுக்குப் பிறகு அதே இடுப்பை விடுவது. தெருவே அவளை ஆல்ட்டரேஷன் அக்கா என்று கூப்பிட்டது. புருஷன் தூரத்து லாரி ஓட்டினான். வீட்டில் இருக்கிற நாட்களில் தூங்கினான்.

அவளுக்கு இரட்டைப் பிள்ளைகள். பெண் முதலில் வந்தாள். பையன் சற்று நேரம் யோசித்துப் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் வந்தான். அவளைக் குருவி என்றும் இவனைத் தடியன் என்றும் கூப்பிட்டுப் பழகி, சொந்தப் பெயர்கள் பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டோடு நின்றுவிட்டன. இந்த வருடம் இருவருக்கும் இறுதித் தேர்வு. கணக்கில் குருவி தொண்ணூற்றாறு. தடியன் நாற்பத்தொன்று. ஐம்பது வாங்கினால் தேர்ச்சி.

நகரத்தில் விடுதியோடு ஒரு தொழில்நுட்பப் பள்ளி இருக்கிறது. கணக்கில் எண்பது இருந்தால்தான் உள்ளே விடுவார்கள். ஒரு போட்டிக்காக அங்கே போய்விட்டு வந்ததிலிருந்து குருவிக்கு அந்தப் பைத்தியம் பிடித்திருந்தது. மதிப்பெண் வந்த அன்று படிக்கட்டடியில் நின்று குதித்தாள். அம்மாவுக்கும் நெஞ்சு நிறைந்துதான் போயிற்று. ஆனால் அந்த நிறைவு வாய்க்கு வருவதற்குள் வேறு வார்த்தையாக மாறியிருந்தது.

"மெதுவாடி. உன் தம்பி பின்னாடி வர்றான்."

குருவி பாதிக் குதியில் நின்றாள். அப்படிப் பாதியில் நிற்பது அவளுக்குப் பழக்கம்தான் என்பது அம்மாவுக்கு அன்றைக்கு உறைக்கவில்லை.

மறுவாரமே பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்தது. பெற்றோர் எல்லோரும் கூட்டத்துக்கு வர வேண்டும், இயக்குநரே பேசுகிறார் என்று.

இயக்குநர் பருத்த, சிவந்த, எப்போதும் சற்று முன்தான் கைதட்டல் வாங்கியவர் போன்ற முகம் கொண்ட மனிதர். மேடையில் அவருக்குப் பக்கத்தில் கள அலுவலர் மேடம், கையில் டேப்லெட்டோடு. ஹெட்மாஸ்டர் ஓரத்தில் நின்றபடியே கூட்டம் முழுவதும் குனிந்துகொண்டிருந்தார்.

"பெற்றோர்களே!" என்றார் இயக்குநர். "பெண்பிள்ளைகளத் தூக்கிவிடணும்னு பல வருஷமா முயற்சி பண்ணினோம். தூக்குறது சாதாரண வேலை இல்ல. டீச்சர் போடுங்கறாங்க, கட்டடம் கட்டுங்கறாங்க, கக்கூஸுக்குக் கதவு வேணும்கறாங்க. இதுக்கெல்லாம் ஒரு முடிவே கிடையாது. அப்பத்தான் நாங்க உக்காந்து யோசிச்சோம். நமக்கு என்ன வேணும்? பிள்ளைங்க கணக்குப் படிக்கணுமா? அது கல்வித் துறையோட வேலை. நமக்கு இடைவெளி போகணும். அவ்வளவுதான்."

துணை இயக்குநர்கள் தட்டினார்கள்.

"அதனால இந்த வருஷம் ஜோடி முறை. ஒரு பொண்ணு, ஒரு பையன். ரெண்டு பேர் மார்க்கையும் கூட்டு, ரெண்டால வகு. ஆளுக்குப் பாதி. இப்ப சொல்லுங்க, இடைவெளி எங்க?"

எங்கேயாவது ஒளிந்திருக்கிறதா என்பதுபோல் மண்டபத்தைச் சுற்றிலும் பார்த்தார். இல்லை.

பின்வரிசையில் ஒரு தகப்பன் எழுந்தான். சைக்கிள் கடைக்காரன். "சார், என் பொண்ணு முப்பது. அவ ஜோடிப் பையன் முப்பத்திரண்டு. பாதி பாதியாப் போட்டாலும் ரெண்டும் ஃபெயில்தானே?"

"ஃபெயில்தான். ஆனா சமமா ஃபெயில். இத்தன வருஷம் உங்க பொண்ணு அந்தப் பையனவிட ரெண்டு மார்க் கம்மியா ஃபெயிலானா. அந்த அவமானத்தத் துடைச்சுட்டோமே, அது உங்களுக்குப் பெருசாத் தெரியலையா?"

சைக்கிள் கடைக்காரன் யோசித்தான். நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தான்.

ஆல்ட்டரேஷன் அக்காவுக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. ஆனால் காலையிலிருந்து பேண்ட் வெட்டிவிட்டு வந்திருந்தாள். கண்முன்னால் அதுதான் நின்றது. எழுந்துவிட்டாள்.

"சார், பேண்ட்டுல ஒரு கால் குட்டையா இருந்தா, நீளமான கால வெட்டிச் சமமாக்கலாம் சார். ஆக்கலாம். ஆனா அப்படியே வெட்டிக்கிட்டே போனா கடைசியில அது பேண்ட்டா இருக்காது, அரை டிராயராயிடும்."

கண்டித்துத்தான் சொன்னாள். அவள் வரையில் அது பெரிய கண்டனம்.

இயக்குநர் கண் கலங்கிவிட்டார். "கேட்டீங்களா? ஒரு சாதாரணத் தாய்! நாலு மாடியில உக்காந்து எங்களுக்குச் சொல்ல வராதத ஒரே மூச்சுல சொல்லிட்டாங்க. நீளமான கால வெட்டிச் சமமாக்கலாம்! மேடம், எழுதிக்கோங்க!"

"அதுக்கப்புறம் டிராயர்னு..." என்று ஆரம்பித்தாள்.

"எழுதியாச்சும்மா, உக்காருங்க," என்றாள் மேடம்.

அந்த வாரமே ஊர் முழுக்கச் சுவரொட்டி வந்தது. இரண்டு காலும் ஒரே அளவில் முழங்காலோடு நின்றுபோன ஒரு பேண்ட். மேலே, 'வெட்டுவோம், சமமாவோம்.' கீழே சிறிய எழுத்தில், 'ஒரு தாயின் குரல்.' துணிக்கடைச் சுவரிலேயே ஒன்றை ஒட்டிவிட்டுப் போனார்கள். அவள் மெஷினில் உட்கார்ந்து நிமிர்ந்தால் தன் குரலைத்தான் பார்க்க வேண்டியிருந்தது.

வேலை மளமளவென்று நடந்தது. சில தெருக்களில் பெண்பிள்ளைகள் அதிகம், பையன்கள் போதவில்லை. துறை அதற்கெல்லாம் அசரவில்லை. படிப்பை விட்டுவிட்டு லாரி கிளீனராகப் போன பையன்களைத் தேடிப் பிடித்து, தேர்வே எழுதாத அவர்களுக்கு ஆளுக்கொரு பூஜ்ஜியம் போட்டு, ஜோடி சேர்த்தார்கள். மருந்துக்கடைக்காரர் மகள் எண்பது வாங்கியிருந்தாள். ஜோடிக்குப் பிறகு நாற்பது. அவள் அழுததற்குத் துறையிலிருந்து ஒரு சான்றிதழ் வந்தது. பெண்பிள்ளை என்றால் 'விட்டுக்கொடுத்தவள்', பையன் என்றால் 'பெற்றுக்கொண்டவன்' என்று முன்கூட்டியே அச்சடித்து வைத்திருந்தார்கள். பல ஜோடிகளில் கொடுத்தவன் பையனாகவே இருந்தான். அச்சடித்ததை மாற்ற முடியாது என்பதால் அங்கேயும் அப்படியே வழங்கப்பட்டது.

எல்லாப் பெற்றோரும் கையெழுத்துப் போட்டார்கள். சிலர் புரிந்து, பலர் மேடத்தின் டேப்லெட்டைப் பார்த்து. மிச்சம் ஒரே ஒரு ஜோடி. இரட்டைப் பிள்ளைகளை ஒருவருக்கொருவர் ஜோடி போடுவதுதான் இயற்கை என்று துறை முதல் நாளே எழுதி வைத்திருந்தது. இரண்டுக்கும் ஒரே அம்மா, ஒரே கையெழுத்து, வேலை மிச்சம். அந்த அம்மாதான் போடவில்லை.

மேடம் படிக்கட்டடிக்கே வந்துவிட்டாள். ஸ்டூலைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"அக்கா, என்ன தயக்கம்? ஆளுக்கு அறுபத்தெட்டரை. பையனும் பாஸ், பொண்ணும் பாஸ். உங்க ஒரு ஜோடியால வட்டாரத்து இடைவெளி பூஜ்ஜியத்துக்குப் பக்கத்துலயே வந்து நிக்குது, உள்ள போக மாட்டேங்குது. பூஜ்ஜியம் வந்தாத்தான் கேடயம்."

"எம் பொண்ணுக்கு எண்பது வேணுமே மேடம். நகரத்துப் பள்ளிக்கூடத்துல கேக்கறாங்க."

"அது அவளோட தனிப்பட்ட ஆசை. நாம பெண்களோட முன்னேற்றத்தப் பத்திப் பேசிட்டிருக்கோம்."

பித்தான்களைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்த குருவி நிமிர்ந்தாள். "அம்மா கையெழுத்துப் போடலன்னா?"

"விழாவுக்கு முந்தின நாள் இயக்குநரே போட்டுடுவாரு. 'தாய்க்கு ஆலோசனை வழங்கப்பட்டது'ன்னு ஒரு வரி. ஏற்கனவே ஆலோசனை வழங்கியாச்சு, இப்பத்தான்." மேடம் டேப்லெட்டில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"ஜோடி கலையவே கலையாதா?"

"கலையும். ரெண்டுல ஒரு பேப்பர் செல்லாதுன்னு ஆனா கலையும். காப்பியடிச்சு மாட்டினா அப்படி ஆகும். அப்ப ஜோடியில இன்னொருத்தங்க மார்க் அவங்களோடதாவே இருக்கும், ஆனா எங்க கணக்குல அவங்க கிடையாது. துறையப் பொறுத்தவரைக்கும் அப்படி ஒரு பொண்ணே இல்ல." மேடம் சிரித்தாள். "உங்க பிள்ளைங்க அப்படிப்பட்டவங்க இல்லையே. தங்கமான பிள்ளைங்க."

அவள் போன பிறகு அம்மா நெடுநேரம் ஊசியில் நூல் கோத்தாள். கோத்து முடித்த ஊசியிலேயே மறுபடி கோத்தாள்.

யாரிடமும் சொல்ல முடியாத ஒன்று அவளுக்குள் இருந்தது. அந்தக் கையெழுத்தைப் போட அவள் கை ஆசைப்பட்டது. போட்டால் தடியன் தேறிவிடுவான். அவன் தெருமுனையில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கிற காட்சி மறைந்துவிடும். குருவிக்கு என்ன, கெட்டிக்காரி, எங்கே போட்டாலும் முளைத்துக்கொள்வாள். இப்படி நினைத்தபோது நினைப்பு எத்தனை சுலபமாக வந்தது என்பதுதான் அவளைத் திடுக்கிட வைத்தது. புதிய நினைப்பு இல்லை அது. நன்றாக நடந்து தேய்ந்த பாதையில் வருகிற மாதிரி வந்தது. ரொட்டியை வெட்டும்போது பெரிய துண்டு அவனுக்கு, வளர்கிற பையன் என்று. ஒரே குடை இருந்தபோது அவனுக்கு, சளி பிடிக்கும் என்று. குருவி கேட்டதில்லை. கேட்காததை எல்லாம் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு இவளும் கணக்கை முடித்துக்கொண்டு வந்திருக்கிறாள். துறைக்கு அதற்கு நான்கு மாடி தேவைப்பட்டது. இவளுக்கு ஒரு ரொட்டிக் கத்தி போதுமானதாக இருந்திருக்கிறது.

அன்று மாலை வீட்டில் பள்ளிப்பைகளைக் கழுவ எடுத்தாள். குருவியின் தண்ணீர் பாட்டில் வழக்கம்போல நிறைந்தே இருந்தது.

"இத ஒரு நாளாவது குடிச்சிருக்கியாடி? சுமந்துட்டுப் போற, சுமந்துட்டு வர்ற."

"குடிச்சா எங்கம்மா போறது? எங்க கக்கூஸ் பூட்டியிருக்கு. சாவி ஹெட்மாஸ்டர்கிட்ட."

"ஏன் பூட்டியிருக்கு?"

"உள்ள துறையோட அளவெடுப்புத் தாளெல்லாம் கூரை வரைக்கும் அடுக்கி வச்சிருக்காங்க. நனையக் கூடாதாம். மத்தவளுங்க எல்லாம் மத்தியானம் கணக்கு வேளையிலதான் வீட்டுக்கு ஓடிட்டு வருவாளுங்க. நான் ஓடினா கணக்குப் போயிடும்னு குடிக்கிறத விட்டுட்டேன்." பிறகு, ஏதோ ஊர்ச் செய்தி சொல்வதுபோல, "நகரத்துல கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கும்மா. நானே போட்டுப் பாத்தேன்."

அம்மா பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அத்தனை வருடம் அதைச் சோம்பல் என்று திட்டியிருந்தாள்.

"நான் கையெழுத்துப் போட மாட்டேன்," என்றாள்.

"நீ போடலன்னா அந்தாளு போடுவாரு," என்றான் தடியன். அதுவரை தரையில் படுத்துக்கொண்டு விட்டத்தைப் பார்த்திருந்தவன். "பேப்பர் செல்லாமப் போனாத்தான் கலையும்னு அந்த மேடம் சொல்லுச்சாமே. எம் பேப்பர் செல்லாததாப் போகட்டும்."

"வாய மூடு," என்றாள் குருவி. "எனக்கு யாரும் தியாகம் பண்ண வேணாம். அப்புறம் வாழ்நாள் பூரா அதச் சொல்லிக் காட்டியே கொல்லுவ."

"தியாகமா? அடிப்போடி. உன் பாதி மார்க்க வாங்கிட்டுப் பாஸானேன்னு தெருவுல ஒருத்தன் விடாமச் சொல்லுவான். எனக்குச் சான்றிதழ் வேற குடுப்பாங்களாம், பெற்றுக்கொண்டவன்னு. அத வாங்கறதுக்கு நான் ஃபெயிலாவே இருந்துக்கறேன். மறுதேர்வு இருக்குல்ல? நீ போறதுக்குள்ள சொல்லிக்குடு."

"சொல்லித்தருவேன். ஸ்கேலால அடிப்பேன். அழக் கூடாது."

"அழுவேன். அதக் கேக்காதே."

அம்மா இருவரையும் பார்த்தாள். வெட்டாமலே பிள்ளைகள் ஒரே உயரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். கையெழுத்து இல்லாமல் தப்பிக்க முடியாது என்பதும் அவளுக்குப் புரிந்தது. 'என் மகன் காப்பியடித்தான்' என்று பெற்றவள்தான் எழுதிக் கொடுக்க வேண்டும்.

அதற்கு முன்னால் இயக்குநர் ஒருமுறை நேரில் வந்துவிட்டுப் போனார். கேடயத்தின் ஆவல் அவரைப் படிக்கட்டடி வரை இறக்கியிருந்தது. கையில் ஒரு பொட்டலம்.

"விழாவுக்குத் தச்சது. தையக்காரன் சொதப்பிட்டான். வலது கால் மூணு விரல் குட்டை. அப்படியே நம்ம விஷயத்தையும் பேசிடலாம்னு வந்தேன்."

பேண்ட்டை உள்பக்கம் திருப்பிப் பார்த்தாள். "மடிப்புல துணி இருக்கு சார். குட்டக் காலப் பிரிச்சு இறக்கிடலாம். பழைய மடிப்பு தெரியாம தேச்சு எடுக்க நாளைக்குச் சாயங்காலம் ஆகும்."

"நாளைக்கா? எதுக்கும்மா அவ்வளவு பாடு? நீளக் கால வெட்டு."

"வெட்டினா கணுக்கால் தெரியும் சார்."

"ரெண்டு கணுக்காலும் தெரியும்ல?"

"தெரியும்."

"சமமாத் தெரியும்ல?"

"தெரியும் சார்."

"அப்புறம் என்ன? உங்க வாயால வந்த வார்த்தை, ஊரெல்லாம் ஒட்டியிருக்கேன், நானே அதக் கடைப்பிடிக்கலன்னா எப்படி?" சுவரொட்டியைக் காட்டினார்.

அவள் கத்தரிக்கோலை எடுத்து, சொன்னபடி செய்தாள். வெட்டி விழுந்த துண்டு நல்ல கம்பளித் துணி. அவர் அதைப் பார்க்கவே இல்லை. ஜோடியைப் பற்றி, வட்டாரத்தின் கௌரவத்தைப் பற்றி, தாய்மையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஹெட்மாஸ்டர் அறையில் எல்லோரும் கூடினார்கள். இயக்குநர் கையில் பேனாவோடு வந்திருந்தார், அம்மாவுக்குப் பதிலாகத் தானே போட்டுவிட. தடியன் முன்னால் வந்து நின்றான்.

"சார், நான் கணக்குப் பரீட்சையில காப்பியடிச்சேன்."

ஹெட்மாஸ்டர் கையிலிருந்த டீ தளும்பியது. "காப்பியடிச்சியா? காப்பியடிச்சும் நாப்பத்தொண்ணா?"

"ஆமா சார்."

"யாரப் பாத்துடா?"

"யாரையும் பாக்கல சார். சீட்டு கொண்டுபோனேன். அன்னைக்கு வரலாறுன்னு நெனச்சு வரலாற்றுச் சீட்ட எடுத்துட்டுப் போயிட்டேன்."

"கணக்குப் பரீட்சைக்கு வரலாற்றுச் சீட்டா?"

"உள்ள போனப்புறம்தான் தெரிஞ்சது. எழுதினத வீணாக்க வேணாம்னு வருஷமெல்லாம் விடையாப் போட்டேன் சார். ஒண்ணு ரெண்டு பொருந்திடுச்சு."

ஹெட்மாஸ்டர் விடைத்தாளை வரவழைத்துப் புரட்டினார். புரட்டப் புரட்ட அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. "சார், பையன் பொய் சொல்லல. ஏழாவது கணக்குல ஒரு தொட்டி நிரம்ப எத்தன நேரமாகும்னு கேட்டிருக்கு. இவன் போட்டிருக்கறது ஒரு யுத்தம் முடிஞ்ச வருஷம்."

தடியனுக்கே அது செய்தியாக இருந்தது. தெரிந்த விடைகளைத்தான் அவன் எழுதியிருந்தான். சாட்சி இத்தனை பலமாக அமையும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. குருவி ஜன்னல் பக்கம் திரும்பி உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

இயக்குநரின் முகம் கறுத்தது. "ஒழுக்கக்கேடு! இது துறைக்கே..." என்று ஆரம்பித்தவரின் சட்டையை மேடம் மெல்ல இழுத்தாள். டேப்லெட்டைக் காட்டினாள்.

"சார், இந்தப் பேப்பர் செல்லாதுன்னா ஜோடி கலையுது. இவங்க ஒரு ஜோடிதான் மிச்சம் இருந்தது. இவங்க ரெண்டு பேரையும் எடுத்துட்டா..."

"எடுத்துட்டா?"

"பூஜ்ஜியம் சார். சுத்தமான பூஜ்ஜியம்."

இயக்குநர் நாற்காலியை விட்டு எழுந்தார். தடியனின் இரு தோள்களையும் பிடித்துக்கொண்டார். "தம்பி, நீ செஞ்சது பெரிய குற்றம். ரொம்ப நன்றி." அம்மாவைப் பார்த்தார். "உங்கள மாதிரி தாய்மாருங்கதான் இந்த வட்டாரத்துக்கு வேணும். பெத்த பிள்ளையக் காட்டிக்குடுக்க எல்லாருக்கும் மனசு வருமா?"

தாளை நீட்டினார்கள். 'என் மகன் காப்பியடித்தான் என்பதை நான் அறிவேன்' என்று அதில் எழுதியிருந்தது. அவள் பேனாவை வைத்த இடத்திலேயே வைத்துக்கொண்டிருந்தாள். பொய்யான ஒரு வரி. ஆனால் அவள் வாழ்க்கையில் முதல்முறையாகப் பெரிய துண்டை யாருக்கும் வெட்டிக் கொடுக்காத கையெழுத்து.

"போடும்மா," என்றான் தடியன். "நின்னு நின்னு கால் வலிக்குது."

போட்டாள்.

விழாவைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. வெற்றி பெற்ற வட்டாரம் என்று பதாகை கட்டியிருந்தார்கள். குருவியைத் துறையைப் பொறுத்தவரை இல்லாதவள் என்பதால் வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். அம்மா 'ஒரு தாயின் குரல்' என்பதால் முதல் வரிசையில் உட்கார வைக்கப்பட்டாள்.

இயக்குநர் மேடை ஏறினார். நல்ல கறுப்புக் கோட்டு, அதற்கேற்ற பேண்ட், பேண்ட்டுக்கு அப்பால் இரண்டு பக்கமும் சமமாக வெளியே தெரிந்த சாம்பல் நிறக் காலுறை, அதற்கும் மேலே நல்ல சதைப்பிடிப்பான இரண்டு கெண்டைக்கால்கள். கூட்டத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. துறைக்காரர்கள் எல்லோரும் அதையே பார்த்தார்கள், சற்றுப் பொறாமையோடு.

"இன்னைக்குப் பெருமையோட சொல்றேன்," என்றார். "இந்த வட்டாரத்துல கணக்குல எண்பதுக்கு மேல எடுத்த பையன் ஒருத்தன் கிடையாது! எடுத்த பொண்ணும் ஒருத்தி கிடையாது! யாரும் யாரையும் அண்ணாந்து பாக்க வேண்டியதில்ல! யாரும் யாரையும் தாண்டிப் போகல! போன பிள்ளைங்கள எல்லாம் திருப்பிக் கூட்டிட்டு வந்துட்டோம்!"

அந்தக் கைதட்டலில் மண்டபக் கூரையிலிருந்து புறாக்கள் எழும்பிப் போயின.

கேடயம் பெரியது. ஹெட்மாஸ்டர் அறையின் அலமாரியில் கொள்ளவில்லை. பள்ளிக்கூடத்தில் காலியாக்கக்கூடிய அறை ஒன்றுதான் இருந்தது. அளவெடுப்புத் தாள்களை வெளியே எடுத்து, சுவருக்கு வெள்ளையடித்து, பெண்பிள்ளைகளின் கழிப்பறையில் கேடயத்தை வைத்தார்கள். பீங்கானை மறைக்க நீல வெல்வெட் விரித்தார்கள். பார்வையாளர் வந்தால் திறப்பார்கள். சாவி வழக்கம்போல் ஹெட்மாஸ்டரிடம்.

விழாவுக்குப் பிறகு ஆல்ட்டரேஷன் அக்காவுக்கு ஓய்வே இல்லாமல் போயிற்று. முதலில் துணை இயக்குநர்கள் வந்தார்கள், பிறகு கள அலுவலர்கள், பிறகு அலுவலகத்தில் கதவு திறந்துவிடுகிறவர். எல்லோர் கையிலும் பேண்ட். ஒரு குறையும் இல்லாத, கால்கள் சமமான பேண்ட்டுகள்.

"எவ்வளவு வெட்டணும்?" என்று கேட்பாள்.

"சாருக்கு வெட்டின அளவு."

வெட்டினாள். பக்கத்தில் தடியன் இஸ்திரிப் பெட்டியை ஒரு கையிலும் கணக்குப் புத்தகத்தை மறு கையிலும் வைத்துக்கொண்டு, தொட்டி நிரம்பும் கணக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். மறுதேர்வு நெருங்கியது. குருவி போவதற்கு முன் அவன் முழங்கையில் ஸ்கேலால் போட்ட கோடுகள் மறைந்திருந்தன, போட்ட கணக்கு மறையவில்லை என்று சொல்லிக்கொண்டான்.

அன்று துணி மேஜை மேலிருந்த போன் அடித்தபோது அவள் கையில் மேடத்தின் வீட்டுக்காரர் பேண்ட் இருந்தது. அவரும் துறைதானாம். நகரத்திலிருந்து குருவி.

"சாப்பிட்டியாடி?"

"சாப்டேன்."

"பாடமெல்லாம் எப்படி? கஷ்டமா?"

"கஷ்டம்தான். இங்க எல்லாருமே என்னவிடக் கெட்டிக்காரிங்க." அதில் வருத்தம் இல்லை. ஆசையாகச் சொன்னாள்.

"படுக்க இடமெல்லாம்? குளிருதா? போர்வ போதுமா?"

"போதும்மா." தூரத்தில் யாரோ சிரிக்கிற சத்தம், கதவு மூடுகிற சத்தம். "அம்மா, இங்க நான் தண்ணி குடிக்கிறேன்."

அம்மாவின் கால் பெடலில் அப்படியே நின்றது. எதிர்ச் சுவரில் சுவரொட்டியின் அரை பேண்ட் வெயிலில் வெளுத்துக்கொண்டிருந்தது.

"எவ்வளவு?" என்றாள். ஏன் அதைக் கேட்டாள் என்று தெரியவில்லை.

"மத்தியானத்துக்குள்ள பாட்டில் காலி. மறுபடி போய்ப் புடிச்சுட்டு வருவேன்."

"அக்கா, என் பேண்ட் ஆச்சா? ரெண்டு காலும் சமமா இருக்கணும், பாத்துக்கோங்க," என்று யாரோ பின்னால் நின்று கேட்டார்கள்.

அவள் திரும்பவில்லை. போனைக் காதோடு இறுக்கி வைத்துக்கொண்டாள்.

"குடிடி," என்றாள். "நல்லாக் குடி."